பேஜருக்கே பேஜ் ஃபால்ட் வந்தால்: எஸ்இஎல்4 நினைவகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் பழகியவர்கள் எஸ்இஎல்4 (seL4) பக்கம் வந்தால் முதலில் இடறுவது நினைவகத்தில்தான். துவக்கம் முடிந்தபின் இந்த மைக்ரோகெர்னல் (இயங்குதளத்தின் மிகச் சிறிய மையம்) தனக்கென்று புதிதாக எதையும் ஒதுக்கிக்கொள்வதில்லை. மிச்சமிருக்கும் நினைவகத்தை 'அன்டைப்டு' (எதற்கென்று இன்னும் முடிவாகாத துண்டு) கேபபிலிட்டிகளாக, அதாவது பயன்படுத்தும் உரிமைச்சீட்டுகளாக, முதல் பிராசஸிடம் கொடுத்துவிடும். எந்த நினைவகப் பக்கம் யாருக்கு என்பது இனி உங்கள் பாடு.

நான் மிகவும் அஞ்சும் தவறு, பேஜரையும் (மற்ற நிரல்களுக்கு நினைவகப் பக்கங்களைத் தரும் நிரல்) மற்ற நிரல்களைப் போலவே நடத்துவது. ஒரு திரெட்டுக்கு (நிரலின் ஓர் ஓட்டம்) பேஜ் ஃபால்ட் வந்ததும், அதாவது மேப் ஆகாத, முகவரியோடு இணைக்கப்படாத பக்கத்தை அது தொட்டதும், கெர்னல் அதை நிறுத்திவைத்து, பேஜருக்குச் செய்தி அனுப்பும். பதில் வந்தால்தான் திரெட் நகரும். பேஜரின் ஸ்டேக்கே மேப் ஆகாத பக்கத்துக்குள் வளர்ந்துவிட்டால்? பதில் சொல்ல ஆளில்லை. அதை நம்பியிருந்த திரெட்டுகள் எல்லாம் சத்தமில்லாமல் உறைந்துபோகும். ஆகவே பேஜரின் கோட், ஸ்டேக், ஹீப் மூன்றையும் அது ஓடத் தொடங்கும் முன்பே மேப் செய்துவிடுங்கள். 1980களில் உருவான மேக் (Mach) கெர்னலிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே டீஃபால்ட் பேஜரின் பக்கங்கள் வட்டுக்குப் போகாதபடி வயர் செய்யப்பட்டன. வட்டு டிரைவரையும் மறக்காதீர்கள். பேஜர் டிரைவரைக் கூப்பிட, டிரைவர் தன் பக்கத்துக்காகப் பேஜரையே எதிர்பார்த்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்கும்.

அடுத்தது, அன்டைப்டு துண்டை மனம்போனபடி வெட்டுவது. ஒவ்வொரு பொருளும் தன் அளவுக்கேற்ற எல்லையில்தான் தொடங்க வேண்டும். முதலில் 4 கேபி பக்கம், அடுத்து 2 எம்பி பக்கம் என்று எடுத்தால், நடுவில் கிட்டத்தட்ட 2 எம்பி வீண். பெரியதை முதலில் வெட்டுங்கள். ஒரு ஃப்ரேமை (அன்டைப்டிலிருந்து வெட்டிய ஒரு பக்கத்தை) அழித்துவிட்டால் அந்த இடம் திரும்பும் என்றும் நம்பாதீர்கள்; அந்தத் துண்டிலிருந்து பிறந்த எல்லாம் போனால்தான் அதை மறுபடி முதலிலிருந்து வெட்ட முடியும்.

மேப் அழைப்பு தோற்றால் பெரும்பாலும் நடுவில் ஒரு பேஜ் டேபிள் (முகவரிகளைப் பக்கங்களோடு இணைக்கும் அட்டவணை) இல்லை என்று பொருள். அதையும் நீங்கள்தான் வைக்க வேண்டும். ஒரே ஃப்ரேமை இரு பிராசஸ்கள் பகிர, கேபபிலிட்டியை நகலெடுத்து நகலை மேப் செய்யுங்கள்.

இடம் திரும்பாததால் பலரும் ஃப்ரேம்களைச் சொந்தப் பட்டியலில் வைத்து மறுபடி கொடுப்பார்கள். நல்ல வழிதான். ஆனால் அன்டைப்டிலிருந்து புதிதாகப் பிறக்கும் ஃப்ரேமைத்தான் கெர்னல் பூஜ்யமாக்கித் தரும். உங்கள் பட்டியலில் இருப்பதை நீங்களே துடைக்காவிட்டால், ஒரு பிராசஸின் கடவுச்சொல் அப்படியே அடுத்ததன் கையில் போய்ச் சேரும்.