மிசானோவில் பைக் ரேஸ் பார்ப்பது எப்படி

மூலக்கடையில் என் பட்டறைக்கு வரும் பையன்கள் மோட்டோ ஜிபி, அதாவது பைக் ரேஸின் உலக சாம்பியன்ஷிப், என்றதும் கேட்பது, "அண்ணா, எவ்ளோ ஸ்பீடு போகும்?" வடசென்னையில் அந்தக் கேள்வி பழசு. சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்த பெரியவர்களுக்கும் நேர்கோட்டில் வண்டி பறப்பதுதான் ரேஸ். மிசானோ டிராக்கில் நடக்கும் ரேஸை அப்படிப் பார்த்தால் பாதி போய்விடும். அங்கே மிக நீளமான நேர்ப்பாதையே சுமார் அரை கிலோமீட்டர்தான்.

இத்தாலியில் ரிமினி பக்கம், கடலை ஒட்டிய ஊர். 1972-இல் டிராக்கைத் திறந்தபோது ஒரு சுற்று 3.488 கி.மீ., நம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கை விடவும் சின்னது. இப்போது 4.226 கி.மீ.

ரேஸுக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் டிராக்கை வரையுங்கள். அம்புக்குறியைக் கடிகாரமுள் சுற்றும் பக்கமாகப் போடுங்கள். பழைய வீடியோ பார்ப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள், ஏனென்றால் முன்பு எதிர்ப்பக்கம் ஓட்டினார்கள். 2007-இல் மோட்டோ ஜிபி திரும்ப வந்தபோதுதான் திசை மாறியது. வலது வளைவு 10, இடது 6. வலதுக்கு வேறு கலர் கொடுத்தால், டயரில் எந்தப் பக்கம் அதிகம் உழைக்கிறது என்று உடனே தெரியும்.

அப்புறம் 11-ஆம் வளைவில் பெரிய வட்டம் போடுங்கள். குர்வோனே என்பார்கள். அசுர வேகத்தில் வலதுபக்கம் சாய்ந்து நுழைந்து, 12, 13 என்று இறுகிக்கொண்டே போய், 14-இல், கார்ரோவில், வேகம் சுத்தமாகக் குறையும். பழைய திசையில் இதே இடம் இடதுபக்கமாக விரிந்துகொண்டே போகும், த்ராட்டிலைத் திறந்துகொண்டே போகலாம். இன்று சாய்ந்த நிலையிலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், அது ரொம்பக் கஷ்டம். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்து, யார் த்ராட்டிலை எங்கே மூடுகிறார் என்று கேளுங்கள். பாதி ரேஸுக்கு மேல் முன்னால் போகிறவரின் பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால், பின்னால் வருகிறவர் அவரையும் பிடித்துவிடலாம்.

இந்த டிராக்கில் 1993 செப்டம்பர் 5 அன்று, மூன்று முறை சாம்பியனான வெய்ன் ரெய்னி முன்னிலையில் ஓடும்போது விழுந்தார். முதுகெலும்பு முறிந்து, மார்புக்குக் கீழே செயலிழந்தது. இன்று டிராக்குக்கு இருக்கும் பெயர் மார்கோ சிமோன்செல்லியுடையது. பக்கத்து ஊர்ப் பையன், அவரும் ரேஸ் வீரர்தான், 2011-இல் மலேசியாவின் செபாங் டிராக்கில் ரேஸில் விழுந்து இறந்தவர். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் ரேஸ் சொல்லித் தருவதில்லை. அந்தச் சாய்வை மாதவரம் ரோட்டில் முயலாதீர்கள். தண்ணீர் லாரி வரும் ரோடு அது.

அங்கே மதியம் 2 மணிக்கு ரேஸ் என்றால் நமக்கு மாலை 5.30. கடைசி ரவுண்டில் 8-ஆம் வளைவான குவெர்சியாவில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து உள்ளே நுழையப் பார்ப்பார்கள். அது தவறினால் கார்ரோ. அதற்குப் பிறகு மிச்சம் இரண்டு இடது வளைவு, உடனே ரேஸ் முடியும் கோடு.