ஆபரேஷன் முடிஞ்சவங்கள "அசையாம படு"ன்னு சொல்லாதீங்க: மூச்சு விஷயத்துல வீட்டுக்காரங்க பண்ற தவறுகள்

வயித்துலயோ நெஞ்சுலயோ பெரிய ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு கொண்டு வந்ததும் நம்ம பக்கம் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "அசையாம படு, தையல் பிரிஞ்சிரும்". மேலூர்லருந்தும் உசிலம்பட்டிலருந்தும் வேன் பிடிச்சு பாக்க வர்ற சொந்தக்காரங்களும் அதையே சொல்லிட்டுப் போவாங்க. பாசத்துல சொல்றதுதான், ஆனா நுரையீரலுக்கு அது ரொம்பக் கெடுதல். மயக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்க வச்சாலே நுரையீரலோட அடிப்பக்கம் கொஞ்சம் சுருங்கிரும், அப்புறம் தையல் வலிக்குதுன்னு மேல்மூச்சா விட்டுட்டுக் கெடந்தா அது விரியவே விரியாது, சளி அங்கயே தேங்கி ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல், நிமோனியான்னு போயிரும். தொப்புளுக்கு மேல கீறுற ஆபரேஷன்னா ஆபத்து இன்னும் ஜாஸ்தி. டாக்டர் சரின்னு சொன்ன உடனே, நெறையப் பேருக்கு மறுநாளே சொல்லிருவாங்க, உட்கார வைங்க, கையப் பிடிச்சு நாலு எட்டு நடக்க விடுங்க.

இருமலையும் அடக்க வைக்காதீங்க. திருமங்கலத்துப் பக்கத்து அப்பத்தா ஒருத்தங்க, குடல் ஆபரேஷன், தொண்டையில சளி கரகரன்னு கேக்குது, மருமக நெஞ்சத் தடவிக்கிட்டே "இருமாதீங்க அத்தை, தாங்க மாட்டீங்க"ன்னு அழுகுது. சிஸ்டர் வந்து ஒரு தலகாணிய எடுத்து தையல் மேல வச்சு, ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிக்கச் சொல்லி, மூச்ச நல்லா இழுத்துட்டு இருமச் சொன்னாங்க. மூணாவது தடவ கட்டியா சளி வந்து விழுந்துச்சு. வலி தாங்கலன்னா வலி மருந்து கேட்டு வாங்குங்க, வலி இருந்தா ஆழமா மூச்சு விட யாராலயும் முடியாது.

அடுத்து, மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கற அந்த மூணு பந்து மிஷின், ஸ்பைரோமீட்டர். பாதிப் பேரு அத ஊதுறாங்க. அது உறிஞ்சுறதுக்கு! பந்து மேல 600, 900, 1200ன்னு போட்டிருக்கறதப் பாத்து மூணையும் ஒரே இழுப்புல தூக்கணும்னு பேரன் பேத்தி எல்லாம் கூடி நின்னு உற்சாகப்படுத்துவாங்க, அதுவும் வேண்டாம். வெடுக்குன்னு இழுத்தா பந்து ஏறும், நுரையீரல் விரியாது. நிமிந்து உட்கார்ந்து, மெதுவா உறிஞ்சி, ஒரு பந்தையே ரெண்டு மூணு செகண்ட் மேல நிறுத்துனா அதான் நல்லது. முழிச்சிருக்கறப்ப மணிக்கு பத்து தடவ போதும், தலை சுத்துனா கொஞ்சம் நிறுத்திட்டுப் பண்ணுங்க.

படுக்க வச்சே கஞ்சி ஊட்டாதீங்க, பொரை ஏறி நுரையீரலுக்குள்ள போயிரும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி "ஒரு வாய் காபிதானே"ன்னு கொடுக்கறதும் இதே ஆபத்துதான். பால் கலந்ததும் சாப்பாடும் 6 மணி நேரத்துக்கு முன்னாடியே நிறுத்தணும், வெறும் தண்ணி 2 மணி நேரம், டாக்டர் வேற சொன்னா அவர் சொல்றதுதான் கணக்கு. மயக்கத்துல வாந்தி வந்தா அது மூச்சுக்குழாய்க்குள்ள எறங்கும். தெரியாம குடிச்சிருந்தா தயவுசெஞ்சு மறைக்காதீங்க, ஆபரேஷனத் தள்ளி வச்சாலும் பரவாயில்ல. பீடி சிகரெட்ட கொறஞ்சது 4 வாரம் முன்னாடி விடணும். ஆஸ்துமாக்காரங்க இன்ஹேலர வீட்டுல வச்சுட்டு வராதீங்க, பயங்கரமா கொறட்ட விடுற ஆளுன்னா மயக்க டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

வீட்டுக்கு வந்தப்புறமும் சில வாரத்துக்கு ஒண்ணக் கவனிங்க. ஒரு கால் மட்டும் கெண்டைக்கால்ல வீங்கி வலிச்சா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, கால்ல ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போயிரலாம். அந்தக் கால நீவி விடாதீங்க, எண்ணெய் போட்டுத் தேய்க்காதீங்க. திடீர்னு மூச்சு வாங்குச்சுன்னாலோ, மூச்ச இழுத்தா நெஞ்சு குத்துச்சுன்னாலோ, சளில ரத்தம் வந்தாலோ கேஸ் ட்ரபிள்னு சோடா வாங்கிக் கொடுத்துட்டு இருக்காம நேரா 108க்கு போன் போடுங்க, ஆபரேஷன் பண்ணி இத்தன நாளாச்சுன்னு மொத வார்த்தையிலயே சொல்லுங்க.