நட்டு ஏறினால் போதுமா? பெரிய வீல், டயர் வாங்குவதற்கு முன் வீட்டு வாசலிலேயே அளந்து பார்ப்பது எப்படி

புது ரிம்மைத் தூக்கி ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) வைத்து நட்டுகளை முடுக்கியதும் "கச்சிதமா உக்காந்திருச்சுண்ணே" என்பார் கடைக்காரர். ஜாக்கியில் தொங்கும் சக்கரம் எங்கேயும் உரசாதுதான். பின்சீட்டில் ஆச்சியோடு மூன்று பேர், டிக்கி நிறையச் சீர் சாமான் என்று ஏற்றிக்கொண்டு காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குக் கிளம்பி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபடியே ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது உரசுகிறதா என்பதுதான் விஷயம். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பெரும்பாலும் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மி.மீ. போட்ட அளவுகோல், நேரான மரச்சட்டம், டார்ச், பிள்ளைகள் விளையாடும் களிமண், குழைத்த சுண்ணாம்பு கொஞ்சம், ஜாக்கி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கல். இவ்வளவு போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

படி 1: இப்போது இருக்கும் டயரைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். 185/65 ஆர்15 88 ஹெச் என்று இருந்தால்: டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். 88 என்பது எடைக் குறியீடு, ஒரு டயர் 560 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை.

படி 2: மொத்த உயரத்தைக் கணக்கிடுங்கள்

பக்கச் சுவரை இரண்டால் பெருக்கி, ரிம் அளவை மி.மீட்டருக்கு மாற்றிக் கூட்டினால் டயரின் மொத்த உயரம் வந்துவிடும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.

நம் பக்கம் அதிகம் ஓடும் ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். கீழ்ரகத்தில் 165/80 ஆர்14, மேல்ரகத்தில் 185/65 ஆர்15 கொடுக்கிறார்கள். முதலாவதன் உயரம் 619.6 மி.மீ., இரண்டாவது 621.5. ரிம் ஓர் அங்குலம் கூடியும் மொத்த உயரம் 2 மி.மீ.தான் மாறியிருக்கிறது. 16 அங்குலத்துக்குப் போனால் 195/55 ஆர்16-இன் உயரம் 620.9, இதுவும் சரி. அதே 16-இல் 195/60 போட்டால் 640.4 ஆகிவிடும், மூன்று சதவீதம் கூடுதல். அதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், டயரும் மேலே சுமார் 10 மி.மீ. நெருங்கிவிடும்.

உயரம் சரியாக வந்தாலும் எடைக் குறியீட்டைப் பாருங்கள். 195/55 ஆர்16 பெரும்பாலும் 87 என்றுதான் வரும், 545 கிலோ. பழைய டயரில் 88 இருந்தால் இது ஒரு படி குறைவு. எடைக் குறியீட்டில் இறங்கவே கூடாது. அதே அளவில் கூடுதல் எடை தாங்கும் ரகம் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், கீழ்ரக வண்டி வைத்திருப்பவருக்கு 15 அங்குலமே தாராளம். 165/80-இல் பக்கச் சுவர் 132 மி.மீ., 195/55-இல் 107 மி.மீ. நம் ஊர்ப் பள்ளத்தில் ரிம்மைக் காப்பாற்றுவது அந்தச் சுவர்தான்.

படி 3: துளைகளும் நட்டும்

நான்கு போல்ட் ரிம்மில் எதிரெதிர்த் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் பி.சி.டி., அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், கிடைக்கும். ஐந்து போல்ட் என்றால் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மைய இடைவெளியை 1.7-ஆல் பெருக்குங்கள். சின்னக் கார்களில் 100 மி.மீ. சகஜம். ஃபியட் புன்டோவில் 98, ஃபோர்டு ஃபிகோவில் 108. இந்த 98-தான் ஆபத்து. 100 ஹப்பில் இழுத்துப் பிடித்து ஏற்றிவிடலாம் போலத் தோன்றும். ஏற்றாதீர்கள், போல்ட் சாய்ந்து நிற்கும்.

நடுத்துளையும் ஹப்பும் ஒட்டி உட்கார வேண்டும். மாருதி, ஹூண்டாய் சின்னக் கார்களின் ஹப் 54.1 மி.மீ.; கடையில் விற்கும் அலாய் வீலில் 67.1 அல்லது 73.1 துளை இருக்கும். இடைவெளியை அடைக்கும் சரியான ஹப் ரிங் போடாவிட்டால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். நட்டின் முனையையும் பாருங்கள். கூம்பு, உருண்டை, தட்டை என்று மூன்று வகை உண்டு. ரிம்மில் இருக்கும் குழிக்கு எது பொருந்துமோ அதை மட்டும் போட வேண்டும். நட்டின் மரையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: மாருதிக்கு 12 × 1.25, ஹூண்டாய்க்கு 12 × 1.5. முதல் எண் போல்ட்டின் விட்டம், இரண்டாவது மரைக்கு மரை இடைவெளி, இரண்டும் மி.மீ.யில்.

படி 4: ஆஃப்செட், உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

பலர் தாண்டிப் போகும் இடம் இதுதான். ரிம்மின் அகலத்தில் நட்டநடுவே ஒரு கோடு போட்டால், ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்பதே ஆஃப்செட். ரிம்மில் இ.டி. 45 என்பதுபோல அடித்திருப்பார்கள். இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளும், கூடக் கூட உள்ளே போகும்.

எண் அழிந்துபோன பழைய ரிம் என்றால் டயர் இல்லாமல் குப்புறப் போட்டு, குறுக்கே மரச்சட்டத்தை வையுங்கள். சட்டத்திலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை எவ்வளவு ஆழம் என்று அளந்து, ரிம்மின் மொத்த வெளி அகலத்தில் பாதியைக் கழியுங்கள். 6.5 அங்குல ரிம்மின் வெளி அகலம் ஏறத்தாழ 7.5 அங்குலம் இருக்கும், அதாவது 190.5 மி.மீ., பாதி 95. ஆழம் 135 என்று வந்தால் ஆஃப்செட் 40.

இப்போது ஒப்பிடுங்கள். பழையது 5.5 அங்குலம், ஆஃப்செட் 45. புதியது 6.5 அங்குலம், ஆஃப்செட் 40.

உள்விளிம்பு = பாதி அகலம் + ஆஃப்செட். பழையது 69.9 + 45 = 114.9. புதியது 82.6 + 40 = 122.6. ரிம் உள்ளே ஏறத்தாழ 8 மி.மீ. நெருங்குகிறது.

வெளிவிளிம்பு = பாதி அகலம் − ஆஃப்செட். பழையது 24.9, புதியது 42.6. வெளியே ஏறத்தாழ 18 மி.மீ. வருகிறது.

இது ரிம்மின் கணக்கு. டயருக்குத் தனியாகப் போட வேண்டும், ஏனென்றால் டயர் ரிம்மை விடப் புடைத்து நிற்கும். 185-இலிருந்து 195-க்கு மாறினால் பக்கத்துக்கு 5 மி.மீ. கூடும், ஆஃப்செட் 5 குறைந்ததால் உள்பக்கம் அது அடிபட்டுப் போகும். ஆனால் ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரும் 5 மி.மீ. போல விரியும். அந்த விரிவுக்கும் இடம் விடுங்கள். டயர் முட்டக்கூடியது ஸ்ட்ரட் எனும் ஷாக் அப்சார்பர் தூணிலும் அதன் ஸ்பிரிங் தட்டிலும். ரிம் முட்டக்கூடியது பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரிலும் ஸ்டியரிங் ராடின் முனையிலும். அதனால்தான் இரண்டு கணக்கு.

படி 5: களிமண் வைத்து அளப்பது

ஸ்ட்ரட்டுக்கும் இப்போதைய டயருக்கும் நடுவே களிமண்ணைத் திணித்து, வெளியே எடுத்து அதன் தடிமனை அளந்தால் இப்போதுள்ள இடைவெளி தெரியும். அதிலிருந்து புது டயர் உள்ளே நெருங்கும் அளவைக் கழியுங்கள். மிச்சம் 5, 6 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த வீல் வேண்டாம்.

காலிப்பருக்கு இந்தக் கணக்கு உதவாது. வீலின் கைகள் உள்நோக்கி எவ்வளவு வளைந்திருக்கின்றன என்பது டிசைனுக்கு டிசைன் மாறும். டயர் மாட்டாத புது ரிம் ஒன்றைக் கேட்டு வாங்கி, காலிப்பர் மேல் களிமண் உருண்டை ஒட்டி, ரிம்மை மாட்டி நட்டுகளை முடுக்கிக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். நசுங்கிய களிமண் 3 மி.மீ.யாவது இருக்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் நான் வாங்கமாட்டேன்.

படி 6: மாட்டிய பிறகு சுண்ணாம்புச் சோதனை

முன் சக்கரம் தரையில் நிற்கும்போது இரண்டு பக்கமும் கடைசி வரை ஸ்டியரிங்கை ஒடித்து, டார்ச் அடித்து உள் பிளாஸ்டிக், மட்ஃபிளாப், பிரேக் ஹோஸ் மூன்றையும் பாருங்கள். ஜாக்கியில் தூக்கியும் ஒரு முறை பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஹோஸ் இழுபடும் இடம் மாறும்.

அப்புறம் மட்கார்டின் உள் மடிப்பிலும் பிளாஸ்டிக் மேலும் சுண்ணாம்பைத் தடவிக் காயவிட்டு, ஆள் நிறைய ஏறிக்கொள்ளுங்கள். ஆளில்லாத தெருவில் மெதுவாக, முழு ஒடிப்பில் ஒரு வட்டம், ரிவர்ஸில் அதே ஒடிப்பில் லேசாக ஒரு பிரேக், பிறகு வேகத்தடை. ரிவர்ஸை விட்டுவிடாதீர்கள், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் கொஞ்சம் நகரும், முன்னால் போகையில் தொடாத இடத்தைத் தொடும். இறங்கிப் பார்த்தால் எங்கே சுண்ணாம்பு வழித்துப் போயிருக்கிறதோ அங்கே உரசுகிறது. கண்ணுக்கு மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் நம்பாதீர்கள். மழைக்காலத்தில் நம் செம்மண் உள்ளே அப்பிக்கொண்டால் அந்த இடைவெளியும் போய்விடும்.

உரசினால் "ஸ்பேசர் போட்டுக்கலாம்" என்பார்கள். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு அது. 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 1.25 மரையில் நட்டுக்கு நான்கு சுற்று பிடிப்பு போய்விடும். 12 மி.மீ. போல்ட்டில் நட்டு ஒன்பது, பத்து சுற்றாவது ஏற வேண்டும். 1.5 மரையானால் எட்டு. சரியான ஆஃப்செட் உள்ள வீலை மாற்றி வாங்குவதே மேல்.

படி 7: மிச்ச வேலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, வண்டியின் மூல அமைப்பிலிருந்து விலகி மாற்றங்கள் செய்வதைத் தடுக்கிறது. உங்கள் மாடலின் மேல்ரகத்துக்கு நிறுவனமே கொடுக்கும் அளவுக்குள் நிற்பது நிம்மதி. அதைத் தாண்டுவதென்றால் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

நட்டுகளைக் கையேட்டில் சொன்ன முறுக்குக்கு டார்க் ரெஞ்சில் முடுக்கச் சொல்லுங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு முறை முடுக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வரை போய்வந்தால் அந்தத் தூரம் வந்துவிடும். ஸ்டெப்னி பழைய இரும்பு வீலாக இருந்தால் அதற்குப் பழைய நட்டுதான் சேரும். ஒரு செட்டைத் துணியில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள்.