வைஃபை காணோம், சவுண்டு வரல: பார்மெட் அடிக்கறதுக்கு முன்னாடி டிரைவர பாருங்க

நேத்து வரைக்கும் ஓடுன லேப்டாப்பு, அப்டேட் முடிஞ்சு ஆன் பண்ணா வைஃபை சின்னமே இல்ல, இல்லன்னா சவுண்டு போச்சு, பிரிண்டர் அசையவே மாட்டேங்குது. சுங்கை சிப்புட் மாதிரி நம்ம தோட்டத்து டவுன்ல பிள்ளைங்க கையில இருக்குறது பாதி செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பு, அதுல இது அடிக்கடி வரும். கடைக்கு தூக்கிட்டு போனா பார்மெட்னு, அதாவது எல்லாத்தையும் அழிச்சிட்டு வின்டோஸ புதுசா போடணும்னு சொல்லிடுவாங்க, காசும் போகும் பிள்ளையோட அசைன்மெண்டும் போகும். பல நேரம் கோளாறு டிரைவர்ல தான் இருக்கும், அதாவது வின்டோஸ் சொல்றத வைஃபை கார்டுக்கும் ஸ்பீக்கருக்கும் புரிய வைக்கிற சின்ன சாஃப்ட்வேர்ல. அத நீங்களே பார்க்கலாம்.

மொதல்ல ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணுங்க, டிவைஸ் மேனேஜர்னு இருக்கும், தொறங்க. நீளமா ஒரு லிஸ்ட் வரும், அதுல எதாவது ஒரு பேருக்கு பக்கத்துல குட்டி மஞ்ச முக்கோணமும் அதுக்குள்ள ஆச்சரியக்குறியும் இருக்கான்னு பாருங்க. இருந்தா டபுள் கிளிக். ஜெனரல்ங்குற பக்கத்துல, கீழ இருக்குற பெட்டியில கோட் நம்பர் ஒன்னு இருக்கும், அத ஃபோன்ல படம் புடிச்சு வச்சிக்குங்க, எல்லாமே அந்த நம்பர்ல தான் இருக்கு. 28னா டிரைவரே போடல. 10னா அந்த பொருள் ஸ்டார்ட் ஆகல. 22னா யாரோ ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க, ரைட் கிளிக் பண்ணி எனேபிள் குடுத்தா போதும், எதையும் டவுன்லோட் பண்ண வேணாம்.

அப்டேட்டுக்கு அப்புறம் தான் கெட்டுச்சுன்னா, அதே இடத்துல டிரைவர்ங்குற பக்கத்துக்கு போய் ரோல் பேக் டிரைவர் அமுக்குங்க, பழைய டிரைவர் திரும்ப வந்துடும். அந்த பட்டன் மங்கலா இருந்தா பழசு சேவ் ஆகலன்னு அர்த்தம், விட்டுட்டு அடுத்ததுக்கு வாங்க.

வைஃபையே இல்லாம எப்படி டவுன்லோட் பண்றதுன்னு கேப்பீங்க. ஆண்ட்ராய்டு ஃபோன சார்ஜர் கேபிள்ல லேப்டாப்போட சொருகி, ஃபோன் செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, டேட்டா லைன் அப்படியே லேப்டாப்புக்கு வந்துடும். இப்ப வின்டோஸ் அப்டேட்ல அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அதுக்குள்ள ஆப்ஷனல் அப்டேட்ஸ் போங்க, டிரைவர் இருந்தா டிக் பண்ணிட்டு பசியாறிட்டு வாங்க, லைன் மெதுவா இருந்தா நேரம் எடுக்கும்.

அங்க இல்லன்னா லேப்டாப்ப திருப்பி அடியில ஒட்டியிருக்குற மாடல் நம்பர பாருங்க, டெல், லெனோவோ, ஏசர் எதுவா இருந்தாலும் அந்த கம்பெனியோட சொந்த சப்போர்ட் பக்கத்துல மட்டும் எடுங்க. வின்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல முடிஞ்சதால நெறைய பேரு 11க்கு மாறிட்டாங்க, பழைய மாடலுக்கு 11 டிரைவர் இல்லாம இருக்கலாம், அப்ப 10 டிரைவர போட்டு பாருங்க, பெரும்பாலும் வேலை செய்யும். ஒரு டிரைவர் போடுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க, சரியாச்சான்னு பாருங்க, அப்புறம் தான் அடுத்தது. மொத்தமா போட்டா எது கெடுத்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

"ஒரே கிளிக்ல எல்லா டிரைவரும் அப்டேட்"னு விளம்பரம் வர்ற சாஃப்ட்வேர் பக்கம் தயவுசெஞ்சு போகாதீங்க. டிரைவர் வின்டோஸோட அடி ஆழத்துல ஓடுற விஷயம், அங்க ஒன்னு தப்பா போனா மெஷினே விழும். 2024 ஜூலை 19ல கிரவுட்ஸ்ட்ரைக்ங்குற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனியோட தப்பான அப்டேட் ஃபைல அதோட டிரைவர் படிச்சதுல சுமார் 8.5 மில்லியன் கம்ப்யூட்டர் நீல ஸ்கிரீன்ல நின்னுச்சே, ஞாபகம் இருக்கும்.

இவ்வளவும் பண்ணியும் கோட் 43 போகவே இல்லன்னா பொருளே கெட்டிருக்கலாம். அப்ப கடைக்கு போங்க, ஆனா அந்த படத்த காட்டி, "அண்ணே பார்மெட் வேணாம், வைஃபை கார்ட மட்டும் மாத்தி பாருங்க"ன்னு சொல்லுங்க.