தையல் கடைக்குப் பூனையைக் கூட்டிப்போக

வீட்டுக்கு வெள்ளையடித்த அன்று என் பூனை மீனுவை நான் வேலை செய்யும் தையல் கடைக்குக் கூட்டிப்போனேன். கூட வேலை செய்யும் அக்காவிடம் பூனை முடி ஒத்துக்கொள்ளுமா என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். ஒரு வாரம் முன்பே கூடையைத் திறந்து வைத்து, உள்ளே என் பழைய நைட்டியைப் போட்டதில் மீனுவே போய்ப் படுத்துப் பழகினாள். கிளம்ப 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள். ஆட்டோ குலுக்கலில் வாந்தி வரும் வாய்ப்பு குறையும். கூடைமேல் ஒரு துண்டைப் போர்த்துங்கள்.

கடையில் முதல் வேலை, நூல், ஊசி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடுவது. பூனை நாக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. வாய்க்குள் போன நூலைச் சுலபமாகத் துப்ப முடியாது. குடலில் சிக்கினால் ஆபரேஷன் வரை போகும். இதில் மட்டும் அசட்டை வேண்டாம்.

பூனை மலஜலம் கழிக்க மண் போட்ட தட்டு ஒரு மூலை, தண்ணீர் எதிர் மூலை. கதவைச் சாத்தியே வையுங்கள். யாரும் தூக்க வேண்டாம். மீனு மதியம் வரை துணிக்கட்டுக்குப் பின்னால் இருந்தாள்; 3 மணிக்குத் தானாக வந்து என் காலை உரசினாள்.