ஏடிஎச்டியும் சத்தமும்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நிலாவெளிக் கடற்கரையில் அலைச் சத்தத்துக்குள் இருந்து ஒரு மணித்தியாலம் வாசிக்கிறான். வீட்டில் பக்கத்து அறையில் போன் கதைத்தால் மட்டும் எரிந்து விழுகிறான். நடிப்புத்தானே?” ஏடிஎச்டி (ADHD: கவனத்தை ஒருநிலையில் வைப்பதையும் அமைதியாக இருப்பதையும் கடினமாக்கும் மூளை வளர்ச்சிக் குறைபாடு) உள்ள பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து இப்படியொரு கேள்வி அடிக்கடி வரும். நடிப்பு இல்லை. முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது: சத்தம் எவ்வளவு பெரிது என்று பார்க்கிறோம், அது எப்படிப்பட்டது என்று பார்ப்பதில்லை.

அலை ஒரே சீராக வரும். மனிதப் பேச்சு அப்படியில்லை. அதில் பொருள் இருக்கிறது, ஏற்ற இறக்கம் இருக்கிறது, நம் பெயரும் வந்து விழலாம். வேண்டாத சத்தத்தைத் தானாகவே பின்னுக்குத் தள்ளுவது எல்லா மூளைக்கும் உள்ள வேலை. ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு அந்த வேலை பல நேரம் ஒழுங்காக நடப்பதில்லை. ஆகவே “சின்னச் சத்தம்தானே, கவனிக்காமல் படி” என்று சொல்வது பிள்ளையிடம் இல்லாத ஒன்றைக் கேட்பதாகத்தான் முடியும்.

பின்னேரம் மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற சூன் பாண் ஓட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். பீத்தோவனின் அந்த மெட்டு இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் கேட்கத் தொடங்கும், கிட்ட வரும், வாசலில் நிற்கும், போகும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை கணக்கின் நடுவில் இருந்தால், ஓட்டோ கடந்து போகும்வரை மனம் அதன் பின்னாலேயே போய்விடும். ஆனால் உண்மையான இழப்பு அதற்கு அப்புறம்தான்: எந்தப் படியில் நின்றோம் என்பது மறந்து, கணக்கை முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும். சத்தத்தோடு மல்லுக்கட்டாமல், மெட்டு கேட்டவுடனே அடுத்துச் செய்ய வேண்டிய படியைக் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு நிமிரப் பழக்குங்கள். திரும்பி வருவது இலகுவாகிவிடும். பெரியவர்களுக்கும் அலுவலகத்தில் இது உதவும்.

அடுத்த தவறு, நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொண்டிருப்பது. படிக்கும் நேரத்துக்கு மட்டும் காதடைப்பான் போடுவதில் பிழையில்லை. காலையிலிருந்து இரவு வரை போட்டால் விளைவு தலைகீழாகிவிடும். வெளிச்சத்தம் குறையக் குறைய, கேட்கும் அமைப்பு தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. இரண்டு வாரம் கிட்டத்தட்ட முழு நாளும் காதை அடைத்து வைத்த ஆட்களிடம் செய்த ஆய்வில், முன்பு சாதாரணமாகத் தெரிந்த சத்தங்கள் அவர்களுக்குப் பெரிதாகக் கேட்டன. முழு அமைதியைத் தேடி ஓடுகிற வீடுகளில், சிறிய சத்தத்தைக்கூடத் தாங்க முடியாத நிலைமை இப்படி வந்து சேரலாம்.

சத்தத்தைச் சத்தத்தால் மூடலாமா? மூடலாம், ஆனால் சொற்கள் உள்ள பாட்டால் அல்ல. வாசிக்கும்போது பாட்டின் வரிகளும் வாசிக்கும் வரிகளும் மோதிக்கொள்ளும். மின்விசிறியின் இரைச்சல், மழைச் சத்தம் போன்ற சீரான ஒலி ஏடிஎச்டி உள்ள சிலருக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது, பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். வாரத்துக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல் என்பதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை.

கோவில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி இருக்கத்தான் செய்யும். அந்த நாட்களில் கடினமான பாடத்தை விடியக்காலைக்கு மாற்றுவது, பகலில் பொது நூலகத்துக்கு அனுப்புவது எல்லாம் வீண் சலுகை இல்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதை இலங்கையின் உயர் நீதிமன்றம் 2007இல் கட்டுப்படுத்தியது, விசேட மத விழாக்களுக்கு விதிவிலக்கு வைத்து. தூக்கம் கெட்டால் அடுத்த நாள் கவனமும் பொறுமையும் இன்னும் குறையும் என்பதால் இரவு அமைதி இவர்களுக்கு இரட்டிப்பு முக்கியம்.

நம் ஊரில் கட்டாயம் தவிர்க்க வேண்டிய இன்னொரு தவறு, சத்தம் பிடிக்காத எல்லோரையும் ஏடிஎச்டி என்று நினைப்பது. யுத்தத்தைக் கண்ட ஒருவர் பட்டாசுச் சத்தத்தில் நடுங்குவது வேறு பிரச்சினையாக இருக்கலாம், அதற்கு உதவியும் வேறு. மெல்லும் சத்தம், மூக்குறிஞ்சும் சத்தம் போன்ற குறிப்பிட்ட சில ஒலிகளுக்கு மட்டும் கடும் கோபம் வருவது மிசோபோனியாவாக இருக்கலாம். ஏடிஎச்டி என்றால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே, அதுவும் வீடு, பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிந்திருக்க வேண்டும். காது எப்படிக் கேட்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மாத்திரையைப் பற்றி ஒன்று. அது கவனத்தைத் தாங்கிப் பிடிக்க உதவலாம், தெருச் சத்தத்தை இல்லாமல் செய்யாது. உறவினர் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்ததை வாங்கி விழுங்க வேண்டாம். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் பார்த்துத்தான் வைத்தியர் அளவை முடிவு செய்வார். அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகும்போது ஒரு வாரத்துக் குறிப்பைக் கொண்டு போங்கள்: எந்தச் சத்தம், எத்தனை மணிக்கு, அப்போது என்ன வேலை நடந்தது, முதல் நாள் இரவு தூக்கம் எப்படி.