என்ட்ராவில் ரிஸ்க் பாலிசி: உங்கள் ஆட்களையே வெளியே பூட்டாமல் அமைப்பது எப்படி?

பாஸ்வேர்டு சரியென்றால் உள்ளே விடு என்பது பழைய கணக்கு. யார், எங்கிருந்து, எந்தக் கருவியில் வருகிறார், அது அவரது வழக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு லாகினிலும் பார்ப்பது ஜீரோ டிரஸ்ட். நிறுவனக் கணக்குகளின் லாகினை நிர்வகிக்கும் சேவையான மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் இதைச் செய்வது கண்டிஷனல் ஆக்சஸ். சாதாரண பாலிசிக்கு பி1 லைசென்ஸ் போதும். ரிஸ்க் (லாகினோ கணக்கோ வேறொருவர் கையில் இருக்கும் வாய்ப்பு) பார்க்க பி2 வேண்டும்.

பாலிசியைத் தொடுவதற்கு முன் 2 அவசர அட்மின் கணக்குகளை உருவாக்குங்கள். கிளவுடில் மட்டும் இருப்பவையாக, எல்லா பாலிசியிலிருந்தும் விலக்கப்பட்டவையாக இருக்கட்டும். அட்மின் போர்ட்டலில் எம்.எஃப்.ஏ. (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) இவற்றுக்கும் கட்டாயம் என்பதால் ஃபைடோ2 சாவி (லாகினுக்கான வன்பொருள் சாவி) ஒன்றைப் பதிந்து பீரோவில் பூட்டி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் தரும் அடிப்படைப் பாதுகாப்பு அமைப்பான செக்யூரிட்டி டிஃபால்ட்ஸையும் அணைத்தாக வேண்டும்.

அடுத்து இரண்டு பாலிசி. சைன்-இன் ரிஸ்க் (அந்த ஒரு லாகின் மீதான சந்தேகம்) மீடியம் அல்லது ஹை என்றால் எம்.எஃப்.ஏ., சைன்-இன் ஃபிரீக்வன்சி 'எவ்ரி டைம்' (ஒவ்வொரு முறையும் கேள்). யூசர் ரிஸ்க் (கணக்கே களவு போயிருக்கலாம் என்ற சந்தேகம்) ஹை என்றால் பாஸ்வேர்டு மாற்றம். வேலை மிச்சம் என்று இரண்டையும் ஒரே பாலிசியில் போட்டுவிடாதீர்கள். இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்தினால்தான் அது இயங்கும். பாஸ்வேர்டு கசிந்த ஒருவரின் கணக்கு, லாகின் இயல்பாகத் தெரிந்தால் போதும், தடையில்லாமல் உள்ளே போய்விடும்.

அதிகம் சொதப்புவது இங்கேதான்: எம்.எஃப்.ஏ. முன்கூட்டியே பதியாதவருக்கு ரிஸ்க் வந்தால் பதிவுத் திரை வராது, நேரே பிளாக். ஆகவே பதிவை முடித்த பிறகே பாலிசி. ஆன்-பிரமிஸ் ஏ.டி.யிலிருந்து (அலுவலக சர்வரில் உள்ள ஆக்டிவ் டைரக்டரி) சிங்க் ஆகும் கணக்கு என்றால், கிளவுடில் மாற்றியதை அந்த சர்வருக்குத் திருப்பி எழுதும் பாஸ்வேர்டு ரைட்பேக் இல்லாமல் யூசரே கிளவுடில் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள முடியாது.

பாலிசியை, யாரையும் தடுக்காமல் விளைவை மட்டும் பதியும் 'ரிப்போர்ட்-ஒன்லி'யில் 2 வாரம் ஓடவிடுங்கள். சைன்-இன் லாகில் ஒரு வரியைத் திறந்து ரிப்போர்ட்-ஒன்லி டேபைப் பாருங்கள். மதுரையில் மொபைல் டேட்டாவில் இருப்பவரின் ஐ.பி. மும்பை என்று காட்டலாம். அதற்காக மொபைல் நிறுவனத்தின் ஐ.பி. வரிசையை 'டிரஸ்டட்' (நம்பகமான இடம்) ஆக்காதீர்கள், ஒரே ஐ.பி.யை முன்பின் தெரியாத பலர் பகிர்கிறார்கள். அலுவலகத்தின் நிலையான ஐ.பி., வி.பி.என். வெளிவாசல் இவை மட்டும் போதும்.

மெயில் ஆப்கள் பயன்படுத்தும் ஐமேப், பாப் போன்ற பழைய லாகின் வழிகளால் எம்.எஃப்.ஏ. கேட்க முடியாது, தனி பாலிசியில் பிளாக் செய்யுங்கள். மெயில் அனுப்பும் ஸ்கேனர் நின்றுபோகலாம், முன்பே கேட்டு வையுங்கள்.

ஒருவரை வெளியேற்றினாலும் அவர் கையிலிருக்கும் டோக்கன் (லாகின் ஆனதும் கிடைக்கும் தற்காலிக அனுமதிச் சீட்டு) வழக்கமாக 60 முதல் 90 நிமிடம் உயிரோடு இருக்கும். அனுமதியை இடையிலேயே மறுபரிசீலிக்கும் கன்டினியூவஸ் ஆக்சஸ் எவாலுவேஷனை ஏற்கும் எக்ஸ்சேஞ்ச், ஷேர்பாயின்ட், டீம்ஸில் இது அதிகபட்சம் சுமார் 15 நிமிடமாகக் குறையும். அதை ஏற்காத ஆப்களின் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும்.